மத்தி மீன் ஏன் திடீரென மறைந்துவிடுகிறது?

கேள்வி: கேரளக் கரையில் 2012இல் மூன்றரை லட்சம் டன்னுக்கு மேல் கிடைத்த மத்தி, 2021இல் நாலாயிரம் டன்னைக்கூட எட்டவில்லை. அளவு மீறிப் பிடித்ததுதான் காரணமா?

பதில்: அது பாதிக் காரணம்தான் ஐயா. மத்தியின் ஆயுள் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு. தென்மேற்குப் பருவமழையை ஒட்டி அது முட்டையிடும். அப்போது ஆழத்து நீர் மேலெழும்பி, சத்தைக் கொண்டுவந்து, நுண்பாசிகளைப் பெருக்கும். குஞ்சுகள் பிழைப்பது அதை நம்பித்தான். எல் நினோவால் (சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை) இங்கும் கடல் சூடேறி ஒரு பருவம் கெட்டால், இழப்பை ஈடுகட்ட வயதான மீன்கள் கூட்டத்தில் இருப்பதில்லை. அந்த நேரம் பார்த்துச் சுருக்குவலையால் மொத்தக் கூட்டத்தையும் வளைப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மற்றொருவர்: 10 செ.மீ.க்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கேரளத்தில் தடை இருக்கிறதே?

பதில்: இருக்கிறது, போதாது. முதல் முட்டையிடும்போது மத்தி சுமார் 15 செ.மீ. வளர்ந்திருக்கும். பதினொரு செ.மீ. மீன் சட்டப்படி வலைக்குள் வரலாம், ஆனால் அது இன்னும் குஞ்சுதான்.

கேள்வி கேட்டவர்: மீண்டு வருமா?

பதில்: வரும். 2023இல் மறுபடி லட்சம் டன்னைத் தாண்டியது. ஓராண்டில் முதிர்ந்துவிடும் மீன் என்பதால் மீட்சியும் வேகம்தான். குஞ்சுகளை மட்டும் விட்டுவைக்க வேண்டும்.