ஆவணத் தளத்தை எப்படிப் பிரிப்பது? தன்னார்வலர்களுக்குள் மூன்று கட்சி

செம்பனைக்காடு, சுங்கை சிப்புட்:
வணக்கம். இங்குள்ள தோட்டத் தமிழ்ப்பள்ளி நூலகங்களுக்காக ஒரு கட்டற்ற மென்பொருளைச் சிலர் சேர்ந்து பராமரிக்கிறோம். அதைப் பயன்படுத்தும் வழியைச் சொல்லும் ஆவணத் தளம், எழுத்துக் கோப்புகளை இணையப் பக்கங்களாக்கும் எம்கேடாக்ஸ் கருவியில் கட்டியது, கிட்ஹப் பேஜஸ் என்ற தளச் சேவையில் இருக்கிறது. மென்பொருளின் மெனு எந்த வரிசையில் இருக்கிறதோ ஆவணமும் அப்படியே இருக்கட்டும் என்கிறார் ஒருவர். நூலக ஆசிரியர், மாணவர் உதவியாளர், நிரலாளர் என்று ஆள்வாரியாகப் பிரிக்கணும் என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர், ஆவணத்தை நோக்கவாரியாகப் பிரிக்கும் டயாடாக்ஸிஸ் முறைப்படி பயிற்சி, செய்முறை, குறிப்பு, விளக்கம் என நான்கு அடைவுகளை (ஃபோல்டர்களை) திறந்தே விட்டார். அதில் இரண்டு காலி.

பேச்சோடு நின்றிருந்தால் பரவாயில்லை. யாரிடமும் கேட்காமல் கோப்புகளை இடம் மாற்றியதில், பள்ளிகளில் அலமாரிப் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் கியூஆர் ஒட்டிகள் எல்லாம் 'பக்கம் இல்லை' என்ற 404 பிழையில் போய் நிற்கின்றன. பழையபடி திருப்பினால் மாற்றியவர் கோபித்துக்கொண்டு போய்விடுவார். எது சரி, யார் முடிவு செய்வது?

கிளைமரம்:
அண்ணே, எது சரி என்பதை அப்புறம் பார்ப்போம். நீங்கள் ஒரே சண்டை என்று நினைப்பதில் மூன்று விஷயம் கலந்து கிடக்கிறது: கோப்பு எந்த அடைவில் இருக்கிறது, பக்கத்தின் முகவரி என்ன, இடப்பக்கப் பட்டியலில் எங்கே தெரிகிறது. எம்கேடாக்ஸில் முகவரி கோப்பின் பாதையிலிருந்து வருகிறது. பட்டியலோ அமைப்புக் கோப்பில் உள்ள 'நாவ்' பகுதியிலிருந்து வருகிறது. அதனால் ஒரு கோப்பைக்கூட நகர்த்தாமல் பட்டியலை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். பாதைகளைப் பூட்டிவிட்டு 'நாவ்' பகுதியில் மட்டும் அடித்துக்கொள்ளுங்கள், யாருக்கும் சேதமில்லை.

நகர்த்தியதை இப்போது திருப்ப வேண்டாம். பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் தள்ளிவிடும் ரீடைரக்ட்ஸ் செருகியை (பிளக்இன்) போட்டு, பழைய பாதை இடப்பக்கம், புதுப் பாதை வலப்பக்கம் என வரிசையாக எழுதினால் ஒட்டிகள் மறுபடி வேலை செய்யும். கிட்ஹப் பேஜஸில் சேவையகப் பக்கமிருந்து 'இடம் மாறிவிட்டது' என்ற 301 பதிலை அனுப்ப வழியில்லை. அந்தச் செருகி பழைய முகவரியில் ஒரு சின்னப் பக்கத்தை வைத்து அங்கிருந்து தள்ளிவிடும். ஒன்றைக் கவனியுங்கள்: செருகிப் பட்டியல் என்று ஒன்றை எழுதினால், தானாக வந்துகொண்டிருந்த தேடல் நின்றுவிடும். 'சர்ச்' என்பதையும் அதே பட்டியலில் கைப்பட எழுதணும். "தேடல் பெட்டி எங்கே போச்சு" என்று அடுத்த சண்டை கிளம்பாமல் இருக்கும்.

இனி அச்சடிக்கும் ஒட்டியில் பக்கத்தின் முழுப் பாதை வேண்டாம். எண் போட்ட குறுமுகவரி வைத்து, அதையும் இதே திசைமாற்றுப் பட்டியலில் சேருங்கள்.

நூலடுக்கு:
திருப்ப வேண்டாம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. கேட்காமல் செய்ததை அப்படியே விட்டால் முந்திக்கொண்டவர் ஜெயித்த மாதிரி ஆகிவிடும். காலி அடைவுகளையாவது எடுங்கள். டயாடாக்ஸிஸை உருவாக்கிய டேனியலே புரோசிடாவே, முதலில் நான்கு காலிப் பெட்டி செய்து வைக்காதீர்கள் என்றுதான் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு பக்கமாகத் திருத்திக்கொண்டு போனால் அமைப்பு தானாக வரும் என்பது அவர் வாதம். உங்கள் 'நூல் இரவல்' பக்கத்தில் செய்முறையும் சட்டதிட்டமும் கலந்திருந்தால் அதை இரண்டாக உடைப்பதுதான் டயாடாக்ஸிஸ். அடைவுக்குப் பெயர் வைப்பது அல்ல.

கோப்பை நகர்த்தும் கமிட்டில் (மாற்றப் பதிவில்) வேறு திருத்தம் எதையும் சேர்க்காதீர்கள். கோப்பு மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட், பெயர்மாற்றத்தைப் பதிந்து வைப்பதில்லை. பழையதும் புதியதும் 50 விழுக்காடாவது ஒத்திருந்தால்தான் பெயர் மாறியது என்று ஊகிக்கும். நகர்த்தலும் பெரிய திருத்தமும் ஒன்றாக வந்தால் யார் எந்த வரியை எழுதினார் என்ற தடம் அறுந்துபோகும்.

செம்பனைக்காடு:
ரீடைரக்ட் போட்டாச்சு, ஒட்டிகள் ஓடுகின்றன. ஆனால் வாட்ஸ்அப்பில் ஆசிரியர்களுக்கு அனுப்பிய சில இணைப்புகள் பக்கத்துக்குப் போயும் தப்பான தலைப்பில் நிற்கின்றன. ஏன்?

கிளைமரம்:
அது அடைவு மாற்றத்தால் வந்ததல்ல, ரொம்ப நாளாகவே இருந்திருக்கும். தலைப்பிலிருந்து நங்கூரப் பெயர் (இணைப்பில் அந்தத் தலைப்பைக் குறிக்கும் கடைசித் துண்டு) செய்யும்போது, ஆஸ்கி அல்லாத எழுத்தையெல்லாம், அதாவது ஆங்கில எழுத்து, எண் போன்றவை தவிர மற்றதையெல்லாம், எம்கேடாக்ஸ் பயன்படுத்தும் பைத்தான் மார்க்டவுன் தூக்கி எறிந்துவிடும். தமிழ்த் தலைப்பில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அதனால் அடிக்கோடு 1, அடிக்கோடு 2 என்று வரிசை எண் போட்டுவிடுகிறது. மேலே ஒரு தலைப்பைச் சேர்த்தால் கீழே உள்ள அத்தனை எண்ணும் நகரும்.

தமிழ் எழுத்தையும் விட்டுவைக்கும் யூனிகோடு ஸ்லக் (நங்கூரப் பெயர் செய்யும் முறை) போட்டால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள், முழுதாகச் சரியாகாது. பைத்தான் நிரல்மொழியின் வடிவத் தேடலில் (ரெஜெக்ஸ்) 'எழுத்து' என்ற கணக்கில் புள்ளியும் உயிர்க்குறிகளும் வருவதில்லை. 'நூல் சேர்த்தல்' என்ற தலைப்பு 'நல-சரததல' என்று நிற்கும். 'ஆட்ரிபியூட் லிஸ்ட்' நீட்சியை இயக்கி, ஒவ்வொரு தலைப்பு வரியின் முடிவிலும் சுருள் அடைப்புக்குள் ஹேஷ் குறியோடு ரோமன் எழுத்தில் ஒரு சின்னப் பெயர் கொடுத்துவிடுங்கள். தலைப்பின் வாசகத்தைப் பிறகு மாற்றினாலும் இணைப்பு உடையாது. எம்கேடாக்ஸ் 1.6 முதல் நங்கூரங்களையும் சரிபார்க்கிறது. அதை எச்சரிக்கை நிலைக்கு ஏற்றி, கட்டும்போது, எச்சரிக்கை வந்தாலே நிறுத்திவிடும் 'ஸ்ட்ரிக்ட்' கொடியும் போட்டால் தளத்துக்குள்ளே உடைந்த இணைப்போடு எதுவும் ஏறாது. வாட்ஸ்அப்பில் போனதை அது பார்க்காது, அதை மறுபடி அனுப்பத்தான் வேணும்.

வெள்ளிக்கிழமை_சந்தை:
யார் முடிவு செய்வது என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே லா.

அப்பாச்சி என்ற கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் திட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு: முன்மொழிவை எழுதிப் போட்டு 72 மணி நேரமாவது காத்திருப்பார்கள், மறுப்பு வராவிட்டால் சம்மதம். மறுப்பவர் காரணம் சொல்லியாக வேண்டும். உங்கள் ஆட்களில் பாதிப் பேர் ஆசிரியர்கள், வார நாளில் 72 மணி நேரம் கொடுத்தால் ஒருவரும் படித்திருக்க மாட்டார். இரண்டு சனி ஞாயிறு உள்ளே வருகிற மாதிரி கெடு வையுங்கள், பள்ளி விடுமுறையில் வைக்காதீர்கள். அடைவு, முகவரி மாற்றத்துக்கு மட்டும் இந்த விதி போதும். எழுத்துப்பிழை திருத்தவெல்லாம் ஓட்டெடுப்பு கேட்டால் ஆள் ஓடிவிடுவார்.

எந்தப் பட்டியல் என்பதை வாதாடித் தீர்க்க முடியாது. மூன்று பட்டியலையும் தாளில் அடித்து, தளத்தைப் பார்த்திராத நூலக ஆசிரியர்களிடம் கொடுங்கள். "கிழிந்த புத்தகத்தைக் கணக்கிலிருந்து எடுக்கணும்", "நிலாம் (பள்ளி வாசிப்புத் திட்டம்) பதிவுக்கு ஒரு மாணவன் படித்த பட்டியல் வேணும்" என்று வேலையைச் சொல்லி, முதலில் எங்கே விரல் வைக்கிறார் என்று மட்டும் குறியுங்கள். பட்டியலில் உள்ள சொல்லையே கேள்வியில் போட்டால் சோதனை செல்லாது. பட்டியலுக்கு நான்கைந்து பேர், ஒருவருக்கு ஒரு பட்டியல்தான். இரண்டாவது தாளைப் பார்க்கும்போது வேலை பழகிப்போயிருக்கும். மூன்று கட்சிக்காரரும் பக்கத்தில் உட்காரலாம், வாயைத் திறக்கக் கூடாது.

நூலடுக்கு:
நிரலாளர் பக்கங்களை இந்தச் சோதனையில் சேர்க்காதீர்கள். அவற்றை இப்போதே தனிப் பகுதியாக ஒதுக்கிவிடலாம், அதில் மூவருக்கும் சண்டை இருக்காது என்று நினைக்கிறேன்.