வேதக்கோயில் வாசல் கல்லில் "பார்த்திப வருஷம்": எந்த ஆண்டு, எந்த மிஷன்?

கடலோரம்:
தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில் ஒரு சின்ன ஊர். ஆண்டுவிழா மலருக்குச் சபை வரலாறு எழுத வேண்டும். பலகையில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்று இருக்கிறது. பெரியவர்கள் "மெதடிஸ்ட் கோயில்" என்கிறார்கள். வாசல் மேலுள்ள கல்லில் "பார்த்திப வருஷம் ஆவணி மாதம்" வரைக்கும் வாசிக்க முடிகிறது. அடுத்த வரி வெள்ளையடிப்பில் மூடிவிட்டது. சுவர் பவளப்பாறைக் கல், கூரை சீமை ஓடு. ஞானஸ்நானப் பதிவேட்டில் முதல் தாள்கள் இல்லை. விழாவுக்கு முன் சுவரைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசப் போகிறார்கள். எதை முதலில் பார்ப்பது?

பழையேடு:
முதலில் பூச்சு வேலையை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் பிறகு. அந்தக் கல்தான் உங்கள் கையில் இருக்கும் பெரிய சாட்சி.

பார்த்திப வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும். உங்களுக்குப் பொருந்தக்கூடியவை 1885-86, 1945-46 இரண்டும். ஆவணி என்பதால் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை. மூடிய வரியில் கி.பி. ஆண்டு இருக்க வாய்ப்பு அதிகம். இரும்பு பிரஷ், ஆசிட், உளி எதுவும் வேண்டாம். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, மூங்கில் சிம்பால் சுண்ணாம்பை ஏடு ஏடாக எடுங்கள். இரவில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் தேய்ந்த எழுத்தின் நிழல் விழும். நான்கு பக்கமிருந்தும் வெளிச்சம் விட்டு நான்கு படம் எடுங்கள். எழுத்தின் மேல் சாக்பீஸ் தேய்க்காதீர்கள். கல்லின் துளையில் இறங்கினால் வராது.

இன்னொன்று: சபை தொடங்கிய நாள், அஸ்திவாரக் கல் நாட்டிய நாள், பிரதிஷ்டை நாள் மூன்றும் வேறு வேறு. மலர்களில் இவற்றைக் குழப்புவதுதான் வழக்கமான தவறு. ஓலைக் கொட்டகையில் பல வருடம் ஜெபம் நடந்த பிறகே பல ஊர்களில் கல் கட்டடம் எழும்பியது.

வேர்பிடி:
மெதடிஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெயரில் இரண்டு வழி உண்டு. பிரிட்டிஷ் வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷனரிகள் 1814-ல் இலங்கைக்கு வந்தார்கள். 1817-ல் சென்னையில் வேலை தொடங்கியது. தமிழ்நாட்டில் நாகப்பட்டினம், மன்னார்குடி, திருச்சி, கரூர் பக்கம் அவர்கள் கை ஓங்கியிருந்தது. அவர்கள் 27.9.1947 அன்று சி.எஸ்.ஐ.யில் சேர்ந்தார்கள். அமெரிக்க வழி மெதடிஸ்ட் சபை சேரவில்லை. அதுதான் இன்றும் தனியாக இயங்குகிற இந்திய மெதடிஸ்ட் திருச்சபை. ஆகவே பலகையில் சி.எஸ்.ஐ. என்று இருப்பதை வைத்து வெஸ்லியன் இல்லை என்றும் சொல்ல முடியாது, ஆம் என்றும் சொல்ல முடியாது.

ஆனால் ராமநாதபுரம் பக்கம் முக்கியமாக இருந்தவை வேறு இரண்டு: ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழி, எஸ்.பி.ஜி. என்னும் நற்செய்தி பரப்பும் சங்கம் (கலாம் படித்த சுவார்ட்ஸ் பள்ளி அந்த மரபு), 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷன். பின்னது 1908-ல் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்து, அதன் வழியாக சி.எஸ்.ஐ.க்கு வந்தது. யாழ்ப்பாணத்திலோ நாகப்பட்டினத்திலோ இருந்து வந்து குடியேறிய குடும்பம் எதுவும் மெதடிஸ்ட் என்ற பெயரைக் கூடவே கொண்டுவந்திருக்கலாம்.

பதிவேட்டில் இவற்றைத் தேடுங்கள். "சர்க்கியூட்" (பல சபைகள் சேர்ந்த வட்டாரம்), "கிளாஸ் லீடர்" (சபைக்குள் சிறு குழுவின் தலைவர்), காலாண்டுக் கூட்டம், வருடத் தொடக்கத்தில் உடன்படிக்கை ஆராதனை என்று வந்தால் வெஸ்லியன். 1947-க்கு முன் பிஷப் வந்து திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர்கள் மேல் கைவைத்து உறுதிப்படுத்தும் சடங்கு) கொடுத்த பட்டியல் இருந்தால் ஆங்கிலிக்கன். இரண்டும் இல்லாமல் "பாஸ்டர்" கையெழுத்தும் சபை ஓட்டெடுப்பும் மட்டும் இருந்தால் அமெரிக்கன் மிஷன் பக்கம் சாயும்.

கடலோரம்:
நன்றி ஐயா. பதிவேட்டில் மிஞ்சிய முதல் பதிவு எண் 43, வருடம் 1891. பின்பக்கம் 1931-ல் பிஷப் கையெழுத்துடன் திடப்படுத்தல் பட்டியல். "சர்க்கியூட்" எங்கும் இல்லை.

வேர்பிடி:
அப்படியானால் 1931-ல் ஆங்கிலிக்கன் சபை, எஸ்.பி.ஜி. என்று வைத்துத் தேடலாம். 43-க்கு முன் 42 பதிவுகள் இருந்திருக்க வேண்டும், ஏடு நடுவில் புதிதாக எண் போடப்படவில்லை என்றால். ஆகவே சபை 1945-ல் தொடங்கியிருக்க முடியாது. கல் 1885 கட்டடத்துடையதா, 1945-ல் இடித்துக் கட்டியதன் கல்லா என்பதை மறைந்த வரிதான் சொல்லும்.

எஸ்.பி.ஜி. ஆவணங்கள் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கின்றன. உங்கள் சேகரத்தின் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதி) பெயர், ஆண்டு இரண்டையும் குறிப்பிட்டு மின்னஞ்சல் எழுதுங்கள். வெஸ்லியன் என்றால் லண்டன் சோவாஸ் (SOAS) கல்லூரி நூலகம், அமெரிக்கன் மிஷன் என்றால் ஹார்வர்டின் ஹோட்டன் (Houghton) நூலகம். ராமநாதபுரம் மாவட்டம் உருவானதே 1910-ல்தான். அதற்கு முந்தைய அரசுக் காகிதங்களை மதுரை மாவட்டத்தின் கீழ் தேடுங்கள். இடத்துக்கு வில்லங்கச் சான்று போடும்போது பழைய காலத்துக்குச் சார்பதிவகத்தின் கையெழுத்து அட்டவணை பார்க்கவும் மனு கொடுங்கள். மனை வாங்கியவர் பெயரில் மிஷன் பெயர் வந்துவிடும்.

பதிவேட்டை லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். பிளாஷ் இல்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்துக்கு ஒரு படம், ஓரத்தில் ஸ்கேல் வைத்து.

சுண்ணாம்புக்கை:
சுவரைப் பற்றி. பவளப்பாறைக் கல் முழுக்கத் துளை, உள்ளே உப்பு. சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை; உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சு உப்பி விழும்போது கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு போகும். கல் போனால் புதிதாக எடுக்கவும் முடியாது, பவளம் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பெயர்ந்த பழைய கல்லைச் சேர்த்து வையுங்கள்.

உலர்ந்த உப்பைப் பிரஷால் தட்டிவிட்டு நல்ல தண்ணீரால் கழுவுங்கள். நீற்றிய சுண்ணாம்பு 15 நாளாவது ஊற வேண்டும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை பங்கு ஆற்று மணல். கடல் மணல் கூடாது. ஒரு பூச்சு 10 மி.மீ.க்கு மேல் வேண்டாம், ஒரு வாரம் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். காற்றுக் காலத்தில் பூசினால் மேல்பக்கம் வெடிக்கும்.

ஓட்டைத் திருப்பிக் கம்பெனி முத்திரை பாருங்கள். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை 1865-ல்தான் தொடங்கியது. ஆனால் கூரையை அடிக்கடி மாற்றுவார்கள். ஓட்டை வைத்துக் கட்டடத்துக்கு வயது எழுதாதீர்கள்.

கடலோரம்:
பூச்சு வேலையை நிறுத்தச் சொல்லிக் கமிட்டிக்கு இன்று எழுதுகிறேன். கல்லின் படங்களை இங்கேயே போடுகிறேன்.