மறு: டிராமாட்டிக் ஐரனிக்குத் தமிழில் என்ன?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பாலக்கோட்டில் மாலை நேரத்தில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத் திருப்புதல் நடத்திக்கொண்டிருக்கிறேன். சிமிலி, மெட்டஃபர், அலிட்டரேஷனில் தொல்லையில்லை. உவமை, உருவகம், மோனை என்றதும் "இதுதானா சார்" என்று தாண்டிவிடுகிறார்கள். (மோனையில் மட்டும் ஒரு எச்சரிக்கை: ஆங்கிலத்தில் ஒலிதான் கணக்கு. 'சிட்டி'யும் (city) 'கேட்'டும் (cat) ஒரே எழுத்தில் தொடங்கினாலும் ஒன்றுசேராது.) எல்லாரும் முட்டிக்கொண்டு நிற்பது ஐரனியில். அதிலும் வெர்பல் (சொல்வதும் கருதுவதும் முரண்படுவது), சிச்சுவேஷனல் (நினைத்ததும் நடப்பதும் முரண்படுவது), டிராமாட்டிக் (நமக்குத் தெரிந்தது கதைமாந்தருக்குத் தெரியாமலிருப்பது) என்று மூன்று.

> நாடக முரண் என்றே வைத்துக்கொள்ளலாமே. மூலச்சொல்லுக்கு நேராக இருக்கிறது.

நேராக இருப்பதுதான் சிக்கல். "என்னடா நாடகமாடுற?" என்று வீட்டில் தினமும் திட்டு வாங்கும் பிள்ளை, நாடக முரண் என்றதும் கதையில் எவனோ பொய்யாக நடிக்கிறான் என்று எடுத்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு, இது சிறுகதையிலும் வரும், மேடையே வேண்டியதில்லை.

> அவையறி முரண்? கூத்தில் சபைக்குத் தெரியும், வேடத்துக்குத் தெரியாது.

ஓசூர் நண்பர் கூத்திலிருந்து பிடித்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நம் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில் பாரதக் கூத்து பார்த்த பிள்ளைக்கு இதில் பாதிப் பாடம் நடத்தத் தேவையில்லை. கீசக வதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கீசகன் மீசையை முறுக்கிக்கொண்டு, பாட்டும் ஆட்டமுமாக இருட்டு மண்டபத்துக்கு வருகிறான். உள்ளே சேலையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது பாஞ்சாலி அல்ல, வீமன். அது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. "கண்ணே" என்று அவன் கொஞ்சக் கொஞ்ச, அதுவரை தூங்கி வழிந்த குழந்தைகூட எழுந்து உட்கார்ந்து சிரிக்கும். வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு "யாருக்குத் தெரியும்? யாருக்குத் தெரியாது?" என்று இரண்டே கேள்வி கேட்டேன், டக்கென்று பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் சொல் இடறுகிறது. திருக்குறளில் 'அவையறிதல்' என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. அங்கே அவையை அறிவது பேசுகிறவன். நமக்கு வேண்டியதோ அவை அறிவது. தமிழாசிரியர் ஒருபக்கம் இழுப்பார், ஆங்கில ஆசிரியர் ஒருபக்கம் இழுப்பார்.

என் முன்மொழிவு: தானறியா முரண். கதைமாந்தர் தான் அறியாதது. மற்ற இரண்டுக்கும் கூற்று முரண், நிகழ்வு முரண். 'சொல்முரண்' வேண்டாம், முரண்தொடையில் அது ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிறது.

கூற்று முரணுக்கு வஞ்சப்புகழ்ச்சி (புகழ்வதுபோலப் பழிப்பது, பழிப்பதுபோலப் புகழ்வது) போதாதா என்று கேட்பீர்கள். எடுத்துக்காட்டுக்குப் போதும். தகடூர் (இன்றைய தருமபுரி) அதியமானுக்காகத் தூது போன ஔவை, தொண்டைமானின் படைக்கலங்களைப் பார்த்து, இவை பீலி சூட்டி, நெய் பூசி, காவலோடு இருக்கின்றன. எங்கள் அரசனுடையவையோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள். நம் ஊர்க் கதை. விட்டுவிடாதீர்கள். ஆனால் அடைமழையில் நனைந்துகொண்டே "நல்ல நாள் பார்த்துக் கிளம்பினோம்" என்றால், அதில் யாருக்கும் புகழும் இல்லை, பழியும் இல்லை. அதுவும் வெர்பல் ஐரனிதான். ஆக, வஞ்சப்புகழ்ச்சி இதற்குள் ஒரு பகுதி.

நிகழ்வு முரணில் வாசிப்பவருக்கும் முன்கூட்டித் தெரியாது, நினைத்ததற்கு நேர்மாறாக முடியும். தீயணைப்பு நிலையமே தீப்பிடிப்பதுபோல. தற்செயலாக நடந்ததையெல்லாம் இதில் போட்டுவிடுகிறார்கள். அதற்கு மதிப்பெண் போகும்.

---

ஐயா, ஓசூரிலிருந்து.

அவையறி முரணைத் திரும்பப் பெறுகிறேன். தானறியா முரண் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஐரனிக்கு முரண்நகை என்று பலர் எழுதிப் பழகிவிட்டார்கள். நீங்கள் நகையைக் கழற்றிவிட்டீர்களே? வெறும் முரண் என்றால் கான்ட்ராஸ்ட் என்றும் ஆகிவிடாதா?

---

மறுபடி நான்.

நியாயமான கேள்வி. கர்ண மோட்சக் கூத்தை நினைத்துத்தான் கழற்றினேன். தான் அம்பு விடுவது சொந்த அண்ணன்மீது என்று அர்ச்சுனனுக்குத் தெரியாது. சபைக்குத் தெரியும். அங்கே ஒருவர்கூடச் சிரிப்பதில்லை. பிள்ளைகளிடம் முரண்நகை என்று சொல்லிவிட்டால் சிரிப்பு வரும் இடத்தை மட்டும்தான் தேடுவார்கள். பொதுப்பெயராக முரண்நகை இருந்துவிட்டுப் போகட்டும், அதோடு எனக்குச் சண்டையில்லை. வகைப்பெயர்களில் நகை வேண்டாம். கான்ட்ராஸ்டுக்கு வேறுபாடு என்றே சொல்லிவருகிறேன், குழப்பம் வரவில்லை.

விடைத்தாளில் எப்படியும் ஆங்கிலப் பெயரைத்தான் எழுதவேண்டும், எழுத்துக்கூட்டல் உட்பட. அதை நாளை பார்க்கவேண்டும். ஃபோர்ஷேடோயிங்குக்கு (பின்னால் வருவதை முன்பே குறிப்பாகக் காட்டுவது) யாராவது தனி இழை தொடங்குங்கள், இதில் கலக்க வேண்டாம்.