ஏற்காட்டு ஏற்றத்தில் தொடை எரிவதும் ஆரஞ்சு புளிப்பதும் ஒரே மரபணுவாலா?

கேள்வி: சேலத்து உயிரியல் ஆசிரியை

வணக்கம். சேலத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் நடத்துகிறேன். ஏற்காட்டிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதிவண்டியிலேயே ஏறும் தன் அண்ணனுக்குத் தொடை ஏன் எரிகிறது என்று கேட்டாள். தசையில் அமிலம் கூடுவதை நரம்பு உணர்வதாகவும், அதற்கான புரதங்களுள் ஒன்றை ஏசிக்3 மரபணு தருவதாகவும் சொன்னேன். "அப்படியென்றால் எங்கள் தோட்டத்து ஆரஞ்சின் புளிப்பை நாக்கு அறிவதும் அதனால்தானா, டீச்சர்?" என்றாள். எனக்கு விடை தெரியவில்லை. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: உடலியங்கியல் படித்தவர்

அந்த மாணவிக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள், அம்மா. ஏசிக்3 உள்ளிட்ட, அமிலத்தை உணரும் ஏசிக் குடும்பப் புரதங்கள்தாம் புளிப்பை உணர்கின்றனவோ என்று ஆய்வாளர்களும் ஒரு காலத்தில் கருதினார்கள். எலிகளில் நடந்த ஆய்வுகள் 2019இல் வேறொரு புரதத்தைக் காட்டின. ஓட்டோபெட்ரின்1 எனப்படும் அது, அமிலத்தின் ஹைட்ரஜன் அயனியையே சுவைச் செல்லுக்குள் விடும் கால்வாய்.

ஏசிக்3 வேலை செய்யும் விதம் வேறு. மனிதனின் 7ஆம் குரோமோசோமில் உள்ள இந்த மரபணு தரும் புரதத்தின் மூன்று அலகுகள் சேர்ந்து ஒரு கால்வாயாகின்றன. அவற்றின் பெரும்பகுதி செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அங்கே ஹைட்ரஜன் அயனி பிணைந்ததும் கால்வாய் திறந்து, முக்கியமாகச் சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்து நரம்பைத் தூண்டுகின்றன. அமிலம் கூடக் கூடக் குறையும் பிஎச் அளவு 7.4இலிருந்து 7 அளவுக்கு இறங்கினாலே இது திறக்கத் தொடங்கிவிடும். இதயத்துக்கு இரத்தம் குறையும்போது எழும் நெஞ்சுவலியிலும் இதற்குப் பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் கருதுவது இந்த நுண்ணுணர்வை வைத்துத்தான்.

பதில் 2: இயன்முறை மருத்துவர், அஸ்தம்பட்டி

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். "லாக்டிக் அமிலத்தால் வலி" என்று மட்டும் மாணவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். லாக்டிக் அமிலத்தின் அயனியான லாக்டேட், சுற்றியுள்ள கால்சியம் அயனிகளைப் பிடித்து வைத்துக்கொள்வதால், அதே பிஎச் அளவிலும் ஏசிக்3 கால்வாய் கூடுதலாகத் திறக்கிறது. தசை வெளியிடும் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறும் உடன் சேர்கிறது. மறுநாள் படியிறங்கும்போது வரும் தொடைவலி இதனால் வருவதன்று. அதற்குள் லாக்டேட் நீங்கியிருக்கும். அது பழக்கமில்லாத உழைப்பால் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சிதைவால் வருவது.

கேட்டவர்:

மிக்க நன்றி, ஐயா. சிறுநீர் பெருக்கியான அமிலோரைடு மாத்திரை இக்கால்வாயை அடைக்கும் என்று படித்தேன். அப்படியானால் அதை வலிக்குக் கொடுக்கலாமா?

பதில் 1 எழுதியவர்:

கூடாது, அம்மா. அடைப்பது உண்மையே, தன்னார்வலர்களின் தோலில் அமிலம் செலுத்திய சோதனைகளில் அது வலியைக் குறைத்தும் இருக்கிறது. ஆயினும் ஏசிக் கால்வாய்களை அடைக்க அது அதிக அளவில் தேவைப்படுகிறது. சிறுநீரகத்தின் சோடியம் கால்வாயையோ மிகக் குறைந்த அளவிலேயே அடைத்து, இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றிவிடும்.