எல்லா விடையையும் ஒரே நேரத்தில பாக்குமாம்!

கொக்குவிலான்: ஞாயிற்றுக்கிழமை நல்லூரடிக் கருத்தரங்கில ஒருத்தர் மைக்கைப் பிடிச்சுக்கொண்டு சொல்லுறார், "குவாண்டம் கணினி எல்லா விடையையும் ஒரே நேரத்தில பாக்கும், என்.பி. கணக்கெல்லாம் இனி நிமிசத்தில முடியும்" எண்டு. என்.பி. எண்டால், விடையைத் தந்தால் கெதியாய்ச் சரிபாக்கக்கூடிய கணக்குகள். முன்வரிசையில உயர்தரப் பிள்ளையள் அதைக் கொப்பியில எழுதுதுகள். எனக்கு இருக்க ஏலேல்லை. அளந்தால் ஒரு விடைதான் கையில வரும், அதுவும் எழுந்தமானமாய்.

வடலி: பேசினது நான்தான். ஷோர் எண்ட கணிதர் 1994இல குவாண்டம் கணினியால பெரிய எண்ணைக் கெதியாய்க் காரணிப்படுத்திற வழியைக் காட்டேல்லையோ? ஒரே நேரத்தில பாக்காமல் அது எப்பிடி நடந்ததாம்?

கொக்குவிலான்: நீங்களோ அண்ணை! நல்லதாய்ப் போச்சு. ஷோர் பிடிச்சது ஆவர்த்தனத்தை, அதாவது எண்கள் திரும்பத் திரும்ப வாற இடைவெளியை. அந்தக் கணக்குக்குள்ள ஒரு ஒழுங்கு கிடக்கு, அதாலதான் பிழையான விடையளின்ர வீச்சங்கள், அதாவது அந்த விடை வாற வாய்ப்பைத் தீர்மானிக்கிற எண்கள், ஒண்டையொண்டு வெட்டி விழுகுது. ஒழுங்கில்லாத இடத்தில 1996இல வந்த குரோவரின்ர தேடல் முறைதான் கதி. ஆறு இலக்கப் பூட்டொண்டு எடுங்கோ. 10 லட்சம் எண். குரோவருக்கு ஏறத்தாழ 785 தரம் சுத்தோணும். எல்லாத்தையும் ஒரே நேரத்தில பாக்குமெண்டால் ஏன் 785? ஒருக்காவில திறக்கவேண்டியதுதானே? முயண்டு பாத்துத் தேடுறதெண்டால் வர்க்கமூல அளவுக்குக் கீழ இறங்கேலாதெண்டு பென்னெட், பேர்ன்ஸ்டைன், பிராசார்ட், வசிரானி நாலுபேரும் நிறுவியாச்சு.

பண்ணைக்காத்து: 785 எண்டாலும் 10 லட்சத்தைவிடக் குறைவுதானே. இதுக்கேன் சண்டை?

வடலி: அதைத்தான் நானும் சொல்லுறன். 2018இல ராஸ், தால் எண்ட ரண்டு ஆய்வாளரும் பி.கியூ.பி.தான், அதாவது குவாண்டம் கணினி கெதியாய்த் தீர்க்கிற கணக்குகளின்ர வகுப்புத்தான், சாதாரணக் கணினியின்ரயைவிடப் பெரிசெண்டு நிறுவிப்போட்டினம். தம்பிக்குப் புதினம் போகேல்லைப் போல.

கொக்குவிலான்: அது ஓரக்கிளோட! கேட்டால் விடை தாற கறுப்புப் பெட்டியொண்டைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு. பெட்டியைத் தூக்கினால், பி.யும் (சாதாரணக் கணினி கெதியாய்த் தீர்க்கிற கணக்குகள்) பி.கியூ.பி.யும் வேற வேற எண்டு ஒருத்தரும் இன்னும் நிறுவேல்லை. நிறுவினால் பி.யும் பிஸ்பேஸும் (நேரம் எவ்வளவு போனாலும் அளவான நினைவகத்தில தீர்க்கிற கணக்குகள்) வேற எண்டதும் கூடவே வந்திடும், அதுவே இன்னும் தீராத கேள்வி. காரணிப்படுத்தல் என்.பி. முழுமை, அதாவது என்.பி.யிலயே ஆகக் கடினமான வகை, எண்டும் ஒருத்தரும் காட்டேல்லை. பிள்ளையளுக்கு "முடியும்" எண்டு எந்த நிறுவலை வைச்சுச் சொன்னனீங்கள்?

வடலி: "முடியாது" எண்டும் நிறுவேல்லைத்தானே? அப்ப நான் சொன்னது பிழையில்லை.

கொக்குவிலான்: நிறுவாததை நிறுவினமாதிரிச் சொன்னதுதான் பிழை. 785க்கு மறுமொழி இன்னும் வரேல்லை.

நாவற்குழியான்: கருத்தரங்குக்குக் கொக்குவிலானைக் கூப்பிடேல்லை. அந்தக் கோவம்தான் இவ்வளவும்.

கொக்குவிலான்: கூப்பிடேல்லைத்தான். கூப்பிட்டிருந்தால் அந்த 785ஐக் கரும்பலகையில போட்டுக் காட்டியிருப்பன்.

வடலி: இணைந்த கணிதம் 20 வருசம் படிப்பிச்சவன் நான். எனக்குப் பலகை காட்டாதையும்.

பண்ணைக்காத்து: உங்கட வகுப்பில சிக்கலெண் பாடத்தை முடிக்காமல் விட்டனீங்கள், அண்ணை. நான் இருந்தனான்.

வடலி: நீர் வராத கிழமை முடிச்சது.

கொக்குவிலான்: அதை விடுங்கோ. ஏன் 785?