மல்லாட்டையில் (நிலக்கடலையில்) பொக்கு: ஜிப்சம் எப்போ, எவ்வளவு?

கேள்வி – செம்மண்காடு
திண்டிவனம் பக்கம், செம்மண், கிணற்றுப் பாசனம், 1 ஏக்கர். மார்கழிப் பட்டத்தில் விதைத்த மல்லாட்டை, இன்றைக்கு 38 நாள். செடி கரும்பச்சை, பூவும் நிறைய. ஆனால் இதே நிலத்தில் போன பட்டம் பத்துக் காயில் மூன்று பொக்கு, உள்ளே பருப்பே இல்லை. டிஏபி, பொட்டாஷ் அடியுரமாகப் போட்டாச்சு. இனிமேல் ஜிப்சம் போட்டால் பலன் இருக்குமா?

பதில் – இறவைக்கடலை
செடியின் பச்சையை நம்பாதீங்க அண்ணா. வேர் எடுக்கிற கால்சியம் தண்ணீரோடு ஏறி இலைக்குப் போயிடும், அங்கிருந்து காய்க்கு இறங்கி வராது. மண்ணுக்குள் இருக்கிற காய் சுற்றியுள்ள மண்ணிலிருந்து ஓட்டு வழியாகத் தானே உறிஞ்சணும். அதனால்தான் விழுது (பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காயாகிற காம்பு) இறங்கும் நேரத்தில், மேல் மண்ணில் கால்சியம் தருகிற ஜிப்சம் வேணும். உங்களுக்கு நேரம் தப்பவில்லை.

40–45ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ. மண்ணில் ஈரம் இருக்கணும், இலையில் பனி காய்ந்திருக்கணும். செடியின் தூரை ஒட்டித் தூவி, அன்றைக்கே கொத்தி மண் அணைச்சிடுங்க. 45 நாளுக்கு அப்புறம் களைக்கொத்தை உள்ளே விடாதீங்க, இறங்கின விழுதெல்லாம் அறுந்துபோகும்.

பதில் – விழுது
ஜிப்சத்தோடு பொட்டாஷைக் கலந்து மேலுரமாகப் போடாதீங்க. காய் பிடிக்கிற மண்ணில் பொட்டாஷ் மிஞ்சினால் காய்க்குக் கால்சியம் கிடைக்காது. தண்ணீரும் அப்படித்தான்: காய் திரளும்போது நிலம் காய்ந்தால் போட்ட ஜிப்சம் கரையாமல் கிடக்கும், திரும்பவும் பொக்குதான்.

போன பட்டத்துப் பருப்பு இருந்தால் இரண்டாகப் பிளந்து பாருங்க. முனையில் இருக்கிற குருத்து கருத்திருந்தால் கால்சியம் குறை. பருப்பின் உள்முகம் குழிந்து பழுப்பேறியிருந்தால் போரான் குறை. அதற்கு ஏக்கருக்கு 4 கிலோ போராக்ஸை ஜிப்சத்தோடு சேர்த்துத் தூவலாம். அளவைக் கூட்டினால் இலை ஓரம் கருகும்.

செம்மண்காடு
ரொம்ப நன்றி. குழந்தைகள் தின்ன வீட்டுக்குக் கொஞ்சம் வைக்கணும். பறிப்பிலும் காயவைப்பதிலும் என்ன கவனிக்கணும்?

பதில் – இறவைக்கடலை
நாள் கணக்கை மட்டும் பார்க்காதீங்க. 100 நாள் நெருங்கினதும் அங்கங்கே நாலு செடி பிடுங்கி ஓட்டை உடைங்க. உட்புறம் வெள்ளையாக இருந்தால் இளசு. நாலில் மூன்று காய் உள்ளே கருத்திருந்தால் பறிக்கலாம்.

ஈரக்கொடியை அம்பாரம் போடாதீங்க. பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடாக்சின் என்கிற நஞ்சு ஏறும், வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முழுசாகப் போகாது. குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென ஆடணும், அதுவரை காயணும். வீட்டுக்குத் தோலோடு வைங்க, தேவைக்கு உரிச்சுக்கலாம்.

100 கிராம் பருப்பில் ஏறக்குறைய 25 கிராம் புரதம் இருக்கு. லைசின் என்கிற புரதக்கூறு குறைவு, அதனால் சட்னி அரைக்கும்போது கொஞ்சம் பொட்டுக்கடலை சேர்த்தால் அதுவும் ஈடாகும். சுருங்கினது, நிறம் மாறினது, கசக்கிறது எல்லாவற்றையும் பொறுக்கி எறிஞ்சிடுங்க. கறவை மாட்டுக்கும் போடாதீங்க, அந்த நஞ்சு பாலிலும் இறங்கும்.