புதுப்பிப்பு: தண்டையார்பேட்டை முன்னாள் படைவீரர் மருத்துவமனை மூடப்படவில்லை

மே மாதம் இங்கே கேட்டிருந்தேன்: எங்கள் தெருவில் முன்னாள் படைவீரர்களுக்காக ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன மருத்துவமனை வாடகை பாக்கியால் மூடும் நிலையில் இருக்கிறது, பணம் திரட்ட என்ன வழி என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மூடவில்லை. பாக்கி முழுவதும் கட்டியாயிற்று, அடுத்த மார்ச் வரைக்கான வாடகையும் கையில் இருக்கிறது.

பலித்தது, "மீன்பிடித் தடைக்காலம் முடியும்வரை பொறுங்கள்" என்ற யோசனைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் யாரிடம் போய்க் கேட்பது? ஜூன் கடைசி ஞாயிறு விடியற்காலையில் ஏலம் நடக்கும் இடத்தில் உண்டியலோடு நின்றோம். மீன் விற்கும் அக்கா ஒருவர் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சுருக்குப்பையிலிருந்து நாலாக மடித்த நூறு ரூபாய்த் தாளை எடுத்துப் போட்டார். "எங்க நைனாவும் பட்டாளத்துல இருந்தவருதான் தம்பி" என்றார். அவரைப் பார்த்துப் பக்கத்துக் கூடைக்காரர்களும் கொடுத்தார்கள். இணையத்தில் ஒரு மாதம் திரட்டியதைவிட அந்த ஒரு காலையில் வந்தது அதிகம்.

எதிர்பாராதது வரிச்சலுகை விஷயம். 80ஜி ரசீது, அதாவது நன்கொடை கொடுத்தவர் வருமான வரியில் கழிவு கேட்க உதவும் ரசீது, தரச் சொன்னீர்கள். அறக்கட்டளைக்கு அந்தப் பதிவு இருந்தது. ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தக் கழிவு கிடையாது. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. தெரியாமல் இரண்டு பேரிடம் பெரிய தொகையை ரொக்கமாக வாங்கிவிட்டோம். திருப்பிக் கொடுத்து வங்கி வழியாக வாங்கினோம். நீங்கள் திரட்டப் போனால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், எங்கள் ஹவில்தார் தாத்தா நேற்றும் வழக்கம்போல் பிரஷர் மாத்திரை வாங்க வந்திருந்தார்.